எடுக்காத பந்து

முன் மூலையில் செத்து விழுந்த பந்தைப் பாய்ந்து, மட்டையால் தரையைச் சுரண்டித் தூக்கிவிட்டாள். எதிரில் ஆடியவளால் அதைத் தொடக்கூட முடியவில்லை. ஐந்தாவது கேம், பத்துக்கு ஒன்பது. இந்தப் புள்ளி கிடைத்தால் பட்டம் அவளுக்கு. கல்லூரி முடித்துத் தொழில்முறை ஸ்குவாஷில் இறங்கிய நாலு வருஷத்தில் முதல் பட்டம்.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நடுவர் வாயைத் திறக்கவில்லை.

சின்னப் போட்டிகளில் நடுவருக்கென்று தனி ஆள் கிடையாது. தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு உட்கார வேண்டும். காலை அரையிறுதியில் அவளிடம் தோற்றது அவளுடைய பழைய கல்லூரி கேப்டன். கல்லூரி அணியில் மூன்று வருஷம் அவளை ஆடவிடாமல் தண்ணீர் சுமக்க வைத்தவள். பாட்டில் என்று பெயர் வைத்ததும் அவளே.

காலையில் கேப்டன் கைகூடக் கொடுக்கவில்லை. "சாயங்காலம் நாந்தாண்டி ஜட்ஜு. பாக்கலாம்."

"உக்காருங்க. வெளிய உக்காந்தா எப்படி இருக்கும்னு தெரியட்டும்."

இப்போது கேப்டன் மைக்கைத் தட்டினாள். "உன் முதுகு மறைச்சிருச்சு. நீயே சொல்லு பாட்டில். ஒழுங்கா எடுத்தியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

பந்து ரெண்டு முறை தரையில் பட்ட பிறகுதான் எடுத்தாள், அது செல்லாது என்று அவளுக்குத் தெரியும். ஆமாம் என்றால் முடிந்தது. ஆனால் கேப்டன் உதட்டைக் கடித்துக்கொண்டு, பொய்க்காகக் காத்திருந்தாள். அப்புறம் போகிற இடமெல்லாம் சொல்லுவாள்: நான் போட்ட பிச்சை.

"எடுக்கல. ரெண்டு தடவை பட்டுச்சு. உங்க தயவுல எனக்கு ஒண்ணும் வேணாம்."

"ரொம்ப நல்லவதான். பத்து, பத்து."

எதிரியின் அடுத்த சர்வீஸை அவள் திருப்பி அடித்தாள்; பந்து பின்சுவரின் அடியில் பட்டு எழும்பவேயில்லை. அதற்கடுத்த புள்ளிக்கு நாற்பது முறை மாறி மாறி அடித்தார்கள். எதிரி அடித்தது முன்சுவரின் கீழ்த் தகரத்தில் போய் மோதியது, புள்ளி அவளுக்கு. பன்னிரண்டுக்குப் பத்து.

வெளியே வந்து, ஸ்கோர் தாளைக் கேப்டன் மடியில் வைத்தாள். "கையெழுத்துப் போடுங்க."

பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது. "இன்னிக்கு உனக்கு அதிர்ஷ்டம்டி."

"காலைலயும் அதுதானா?"

கேப்டன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். வலது முட்டி வீங்கியிருந்தது, ஐஸ் வைத்தாள். துணிகளைத் துவைத்தாள். மத்தியானம் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். பட்டியலில் கேப்டன் பெயர் ஏற்கெனவே இருந்தது. சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை தூங்கினாள்.