குளத்துக் கொக்கின் கல்யாண நிறம்

பிள்ளைகளா, நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பாளையங்கோட்டையில் கடைச் சுவர்களில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த கை, பைய பறவைகளை வரையப் பழகியது. இப்போது அதுவே தொழில். சிறுவர் புத்தகங்களுக்கு வரைகிறேன். குளக்கரைகளில் பறவைகளின் படமும் பேரும் போட்டுப் பலகை வைத்திருப்பார்களே, அவற்றுக்கும் வரைகிறேன்.

எந்தப் பறவையானாலும் அது கூடு கட்டும் காலத்தில் எப்படி இருக்குமோ, அப்படித்தான் வரைவேன். அப்போதுதான் நிறம் எடுப்பாக இருக்கும். குளத்துக் கொக்கு மற்ற மாதங்களில் சேற்று நிறத்தில், கோடு கோடாக இருக்கும். கூடு கட்டும்போது மட்டும் முதுகு கருஞ்சிவப்பாகி, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோல் நிற்கும். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு குளத்துப் பலகைக்கு அந்தச் சிவப்புக் கொக்கைத்தான் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

போன மாதம் என் மகளுக்கு அந்தப் பலகையைக் காட்ட அழைத்துப் போனேன். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். பலகையைப் பார்ப்பதும் குளத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

"டீச்சர், இந்தச் செவப்புக் கொக்கு எங்கன இருக்கு?"

"அதைத்தான் நானும் தேடுதேன்" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமே இல்ல டீச்சர். பொய்யா வரைஞ்சு வச்சிருக்கான்."

"ஏலே, கையில செவப்புப் பெயிண்ட் மிஞ்சியிருக்கும். அதான் அடிச்சு விட்டுட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு நேர் எதிரே, கரையோரச் சேற்றில் ஒரு குளத்துக் கொக்கு நின்றுகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பலகையில் அப்படி ஒரு பறவையே இல்லையே! கைகாட்டிச் சொல்லலாம் என்றால், வரைந்தவன் நான்தான் என்று தெரிந்துவிடும். வயல் பக்கம் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். நேரமாகிவிட்டது, வேனில் ஏறுங்கள் என்று டீச்சர் கூப்பிட்டார். அந்தப் பிள்ளைகள் கொக்கைப் பார்க்காமலே போகப் போகிறார்கள்.

என் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கப்பா பொய்யா வரைய மாட்டாவ! யப்பா, சொல்லுங்கப்பா!"

பெயிண்ட் என்று கேலி பண்ணிய பையன் டீச்சருக்குப் பின்னால் ஒளிந்தான். ஒளிய இடமில்லாமல் நின்றது நான்தான். சேற்றைக் கைகாட்டி, "அந்தா நிக்கே, அதுதான்" என்றேன்.

டீச்சர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எங்கன அண்ணாச்சி? வெறும் சகதியில்லா தெரியுது."

அந்த நேரம் கொக்கு எழும்பியது. சேற்று நிறம் போன இடம் தெரியவில்லை. இரண்டு சிறகும் வெள்ளை வெளேர் என்று விரிந்தன. பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள்.

"இது ஏன் படத்துல இல்ல?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"கூடு கட்டுத காலத்துல மட்டுந்தான் செவப்பா இருக்கும். நல்லா இருக்கதை மட்டும் வரைஞ்சிட்டேம்மா."

"அப்போ இது நல்லா இல்லையா?"



பலகை வைத்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, போன வாரம் பெயிண்டோடு போனேன். சிவப்புக் கொக்குக்குக் கீழே சேற்று நிறத்தில் ஒன்றும், வெள்ளைச் சிறகு தெரியப் பறப்பது ஒன்றும் வரைந்தேன். சைக்கிளில் வாழைத்தார் கட்டிக்கொண்டு போன ஒருவர் இறங்கி நின்றார்.

"அண்ணாச்சி, நல்லா இருந்த படத்துல எதுக்குச் சேத்தைப் பூசுதிய?"

"முதல்ல பாதிதான் வரைஞ்சிருந்தேன்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.