எல்லைக்கு அனுப்பக் கொடுத்த பழைய காலுறைகள்

கழக்கூட்டம் என்ற ஊரில் உள்ள எங்கள் அலுவலகம் எல்லையில் இருக்கும் ராணுவ வீரர்களுக்குப் பரிசுப் பெட்டிகள் அனுப்ப முடிவு செய்தது. என் தம்பி லடாக்கில் பணியில் இருந்ததால், ஊழியர்கள் கொண்டுவந்த பெட்டிகளைச் சரிபார்த்து அடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் பெட்டியைத் திறந்ததுமே வியர்வை நாற்றம் முகத்தில் அடித்தது. யாரோ போட்டுக் கழற்றிய காலுறைகள், துவைக்கக்கூட இல்லை. அடியில் பாதி பிதுக்கிய பற்பசையும் பூச்சி ஓடும் முந்திரிப் பொட்டலமும் கிடந்தன. மற்ற பெட்டிகளும் அப்படித்தான். வீரர்களுக்கென்று அவற்றில் வைத்திருந்த கடிதங்கள் எல்லாம் ஒரே வாசகத்தில் அச்சடித்தவை. கையெழுத்து மட்டும்தான் வேறு.

ஏற்பாட்டைக் கவனித்த அதிகாரி ஸ்ரீவராகம் பகுதிக்காரர். அவரிடம் அவற்றைக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"சாரமில்லை, பரவாயில்லை சேச்சி, விடுங்கோ. பனியில கிடக்கறவாளுக்கு எது கிடைச்சாலும் சந்தோஷம்தானே?"

"என் தம்பியும் அங்கதான் சார் கிடக்கான். இந்தக் காலுறைய நீங்க போடுவியளா?" என்று அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் மூக்கைச் சுளித்துப் பின்வாங்கினார்.

பன்னிரண்டு பெட்டிகளையும் மேசைமேல் கொட்டினேன். அனுப்பத் தகுந்தவை ஒரே பெட்டியில் அடங்கிவிட்டன. என் கைப்பட ஒரு கடிதம் எழுதி அதனுள் வைத்து அனுப்பினேன். மற்றவை குப்பைக்குப் போயின.

மறுநாள் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில், நான் கொட்டுவதற்கு முன் எடுத்த பன்னிரண்டு பெட்டிகளின் படம் வந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, "ஒங்க ஆபீஸ்ல எல்லாரும் நல்ல ஆளுவ அக்கா" என்று செய்தி அனுப்பினான். ஆமாம் என்று பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.