சரி செய்யப்பட்டது

குறுந்தகட்டை முகத்துக்கு நேரே பிடித்து, வாயைக் குவித்து "ப்பூ" என்று ஊதுவார். காற்றோடு கொஞ்சம் எச்சிலும் போய் விழும். அதைச் சட்டை நுனியால் வட்டம் வட்டமாகத் துடைப்பார். துடைத்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதியும். "பாத்தியா, எவ்வளவு தூசி!" என்பார், அந்த ரேகையையே காட்டி.

குடும்பத்தில் அவருக்கு டாக்டர் என்று பெயர். பிரிண்டர் கார்ட்ரிட்ஜுக்கு மை நிரப்பித் தரும் கடையில் இருபது வருடமாக வேலை. மையை ஊசியில் உறிஞ்சி ஏற்றுவதைப் பார்த்து யாரோ கேலியாக வைத்த பெயர் அது. அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். எந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தலைவலி வந்தாலும் டாக்டர் கூப்பிடாமலே வந்துவிடுவார்.

அவருக்குத் தெரிந்த நோய்கள் மூன்று. தூசி, படத்தைப் பிரித்துக் காட்டும் கோடெக் என்ற மென்பொருள் இல்லை, பிளேயர் சரியில்லை. மூன்றாவதற்கு மருந்து, இன்னொரு பிளேயரை ஏற்றுவது. மைத்துனியின், அதாவது மனைவியின் தங்கையின், கம்ப்யூட்டரில் மட்டும் நான்கு பிளேயர்கள் இருக்கின்றன. எந்தப் படத்தைத் தொட்டாலும் நான்கும் 'நான்தான் திறப்பேன்' என்று சண்டைக்கு வரும். திரையில் ஏதாவது அறிவிப்பு வந்தால், யாரும் படிப்பதற்குள் மூடிவிடுவார். "அதெல்லாம் படிச்சா பயம்தான் வரும்." மெனு பக்கமே போக மாட்டார். "உள்ள போனா வெளிய வரத் தெரியணும்மா."

எதிர்வீட்டில் ஒரு படத்துக்கு சப்டைட்டில் நாலு விநாடி பிந்தி வந்தது. அரைமணி நேரம் மவுஸை உருட்டிவிட்டு, நடிகர்கள் வேகமாகப் பேசுகிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். இன்னொரு வீட்டில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. அது ஏதோ வெளிநாட்டு மொழி, தனக்குப் படிக்கத் தெரியாது என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

சிகிச்சை முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு வட்ட ஸ்டிக்கரை எடுப்பார். கடையில் நிரப்பிய கார்ட்ரிட்ஜில் ஒட்டுகிற ஸ்டிக்கர். 'சரி செய்யப்பட்டது' என்று அச்சடித்திருக்கும். மைத்துனியின் கம்ப்யூட்டரில் அப்படி ஏழு. ஏழு முறையும் எதுவும் சரியாகவில்லை. அது தவிர இன்னொன்று, அதே வீட்டில் டிவியோடு இருந்த பழைய டிவிடி பிளேயரில். தூசி தட்டுகிறேன் என்று திறந்து, மூடிய பிறகு மூன்று திருகுகளை மிச்சம் என்று கையில் கொடுத்தார். அது பிறகு பாடவே இல்லை. ஸ்டிக்கர் மட்டும் பளபளப்பாக இருக்கிறது.

அது போனதால்தான் அந்த மத்தியானம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டி வந்தது. மைத்துனியின் கணவர் இறந்து எட்டு மாதம். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் அவர் பேசிய நான்கு நிமிடம் ஒரே ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது; எடுத்த வீடியோக்காரர் தொழிலை விட்டுவிட்டுப் போய்விட்டார். படம் வந்தது. மாலையும் கழுத்துமாக அவர் வாயை அசைத்தார். பின்னால் புல்லாங்குழல் மட்டும் கேட்டது.

டாக்டர் மனைவியோடு வந்து இறங்கினார். ஊதினார், துடைத்தார், ஐந்தாவது பிளேயரை ஏற்றினார். புல்லாங்குழல் நிற்கவில்லை.

"பேச்சை ரெக்கார்டே பண்ணலம்மா அந்த ஆளு. மியூசிக்கைப் போட்டு ஏமாத்திட்டான்."

"இல்ல அத்தான், நானே கேட்டிருக்கேன். டிவில போடும்போது எங்க வீட்டுக்காரரு ரிமோட்டுல ஏதோ ஒரு பட்டனை அமுக்குவாரு. ஆடியோன்னு போட்டிருக்கும். அப்புறம் பேச்சு வரும்."

"ரிமோட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? அது வேற டிபார்ட்மென்ட்டு."

"அவரு கை வெச்சா வந்துடும்டி, கொஞ்சம் பொறு" என்றாள் அக்கா.

"கை வெச்சதுலதான்க்கா டிவிடி பிளேயர் போச்சு."

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "டிஸ்க்குல கீறல். பல் தேய்க்கிற பேஸ்ட் இருக்கா? நல்லா அழுத்தித் தேய்ச்சா குரல் மேல வந்துடும். நீ டிஸ்க்கை வெளிய எடுத்து வை" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்கு நடந்தார்.

மைத்துனி குளியலறைப் பக்கம் பார்த்தாள். போன வருடம் எதிர்வீட்டுப் பாட்டு சிடியை இவர் இப்படித்தான் தேய்த்தார், அதுவும் எழுத்து அச்சடித்த பக்கத்தை. வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்து அவர் மடியில் விழுந்தது. தூசி என்று சொல்லி அதையும் ஊதிவிட்டார்.

அவள் டிஸ்க்கை எடுக்கவில்லை. மவுஸைப் பிடித்தாள். மேலே வரிசையாக இருந்த சொற்களில் ரிமோட்டில் இருந்த அதே சொல் இருந்தது. ஆடியோ. தொட்டதும் பட்டியல் ஒன்று கீழே விழுந்தது. ட்ராக் ஒன்று, ட்ராக் இரண்டு. ஒன்றுக்கு நேரே டிக் போட்டிருந்தது. அவள் இரண்டைத் தொட்டாள்.

புல்லாங்குழல் அறுந்தது. ஒரு செருமல். மைக்கில் யாரோ தட்டும் சத்தம். "எனக்கு மேடைல பேச வராதுங்க. மன்னிச்சுக்கங்க" என்றார் அவர்.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மைத்துனி நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்தாள்.

டாக்டர் ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளையாகப் பேஸ்ட்டோடு வாசலில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். பிறகு அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

"பாத்தீங்களா? நான் துடைச்ச துடைப்பு! சூடு ஏறினதும்தான் வேலை செய்யும்."

"ஷ்ஷ், சும்மா இருங்க" என்றாள் அவர் மனைவி, முதல் தடவையாக.

"முப்பத்திரண்டு வருஷமா காலைல எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தாங்க எங்க வீட்ல. நாளைல இருந்து நான் போடறேன். குடிக்கிறது அவங்க தைரியம்" என்றார் திரையில் இருந்தவர். கூட்டம் சிரித்தது. மைத்துனியும் சிரித்தாள், கண்ணைத் துடைக்காமல்.

டாக்டர் பேஸ்ட் விரலை மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் சட்டைப்பையைத் துழாவினார். ஸ்டிக்கரின் பின்தாளைப் பல்லால் கடித்து உரித்தார். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து, ஏழுக்குப் பக்கத்தில் எட்டாவதை ஒட்டி, கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.