துணி ஆடிக்கொண்டிருந்தது

என் மேஜைக்கு மேலே, குளிர்காற்று வருகிற தட்டியில் ஒரு துண்டு பேண்டேஜ் துணி தொங்குகிறது. விரல் அகலம், ஒரு சாண் நீளம். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது, இப்போது டீ வடிகட்டிய துணியின் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் இந்தக் கொல்கத்தா மாலில் மற்ற தட்டிகளில் எல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள், இனிப்புப் பெட்டியில் சுற்றி வருகிற ரகம். காற்று வந்தால் ஆடும், வராவிட்டால் தொங்கும். ஏ.சி. வேலையில் இருப்பவர்களுக்கு இது பழைய வழக்கம்தான். என் துணியைப் பார்த்தால் மட்டும், யாருக்குக் காயம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன். அதைக் கத்தரித்தவர் எங்கள் மேட்ரன்.

டாலிகஞ்சில் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்துப் போகிற தூரத்தில் ஒரு நர்சிங் ஹோம் இருந்தது. மூன்று மாடி. அதைக் கட்டி நடத்தியவர் ஒரு வங்காளி, எங்களுக்குப் பெரிய டாக்டர். கீழே ஓர் ஆபரேஷன் தியேட்டர், மேலே வார்டுகள், கட்டடம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஏ.சி. பிளான்ட். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமாவைத் தூக்கிக்கொண்டு வந்த என்னை அந்த பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ள எடுத்தார்கள். முதல் நாள் வார்டில் நின்று நான் பேசிய வங்க மொழியைக் கேட்டு இரண்டு நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "நீ எந்த ஊரு மக்களே?" என்றது. திரும்பினால், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் மேட்ரன். நாகர்கோவில்காரர். நர்ஸ் வேலைக்கு இளம் வயதில் வந்தவர், திரும்பவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மொட்டைமாடியில், பிளான்ட்டின் தண்ணீர் கொட்டிக் குளிர்கிற கூலிங் டவருக்கு அடுத்த அறைதான் அவர் வீடு. அந்த இரைச்சலில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, அது நின்றால்தான் விழிப்பு வருகிறது என்றார்.

அந்த பிளான்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மாதிரி மெஷின்களுக்கு ஆயுசு உண்டு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருஷம். நான் சேர்ந்தபோதே அது அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. குழாய்க்குள் சுண்ணாம்பு படியும், வருஷா வருஷம் குளிர்காலத்தில் அமிலம் ஊற்றிக் கழுவ வேண்டும். எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கேஸ் கசியும். அந்தப் பழைய கேஸ் கடைகளில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. பாகங்கள் எதுவும் புதிதாக வராது, இடித்த கட்டடங்களிலிருந்து கழற்றியதைத்தான் தேடிப் பிடித்து மாட்டுவேன். ஃபில்டரைக் கழுவி, பெல்ட்டை மாற்றி, நாளைக்கு நின்றுவிடும் என்று எல்லோரும் சொன்ன மெஷினை வருஷக்கணக்கில் ஓட்டினோம். ஓட்டினோம் என்று பன்மையில் சொல்வது மேட்ரனையும் சேர்த்துத்தான்.

துணி அவருடைய யோசனை. காற்று வரவில்லை என்று நோயாளிகள் புலம்புவார்கள், வருகிறது என்று சர்வீஸ் கம்பெனி ஆள் சாதிப்பான், இந்தச் சண்டை அவருக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "எல்லாத் தட்டியிலயும் துணி கெட்டணும்" என்றார். அவர் ஊரில் கட்டுவதைக் கெட்டுவது என்பார்கள். துணி ஏன் அக்கா கெட்டுப்போக வேண்டும் என்று நான் கேட்க, சவம், பேச்சைக் கேளு என்று தலையில் ஒரு தட்டு தட்டினார். பேண்டேஜ் சுருளிலிருந்து அவரே ஒரே அளவாகக் கத்தரித்துக் கொடுத்தார். வார்டு, நடை, கை கழுவும் அறை, எல்லாத் தட்டியிலும் கட்டினேன். தியேட்டருக்குள் மட்டும் வேண்டாம் என்றார், அங்கே ஒரு நூல் பறக்கக்கூடாது. உண்மையில் அது பெரிய உதவி. துணி சோர்ந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே எனக்கு ஆள் வரும். சர்வீஸ் கம்பெனி ஆள் மேட்ரனைக் கண்டாலே படியில் வேறு பக்கம் இறங்குவான்.

வங்காளத்தில் ஒரு சொல் உண்டு, சோல்ச்சே. ஓடுகிறது என்று பொருள். பஸ் ஓடினாலும் சோல்ச்சே, கடை நடந்தாலும் சோல்ச்சே, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் அதே சோல்ச்சேதான். அதைச் சொல்லும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள், அதற்கு மேல் கேட்காதே என்பது போல. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், நம் ஊரிலும் ஏதோ ஓடுது என்கிறோமே. மேட்ரனுக்கு அறவே ஆகாது. வங்க மொழியை வங்காளிகளைவிட நன்றாகப் பேசுகிறவர், அந்த ஒரு சொல்லை மட்டும் வாயில் எடுத்து நான் கேட்டதில்லை. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு நோயாளி சோல்ச்சே என்றால், ஓடுகிறதா, ஏறுகிறதா, இறங்குகிறதா, அதைச் சொல் என்று அதட்டுவார்.

பெரிய டாக்டருக்கோ அதுதான் பிடித்த சொல். காலை ரவுண்டில் தட்டியை அண்ணாந்து பார்ப்பார். துணி ஆடும். "சோல்ச்சே தோ" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார். இதில்தான் சங்கடம் இருந்தது. காற்றை ஊதுவது ஒரு மோட்டார், அந்தக் காற்றைக் குளிர வைப்பது வேறொரு மெஷின். ஊதுகிற மோட்டார் கல்லுக்குண்டாக இருந்தது. குளிர வைக்கிற கம்ப்ரஸர்தான் செத்துக்கொண்டிருந்தது. மத்தியான வெயில் ஏறினால் நின்றுவிடும். அப்போதும் துணி குஷியாக ஆடும், வருவது வெளியில் இருக்கிற அதே புழுக்கக் காற்று. மேட்ரன் டாக்டரிடம் போய்ப் புது பிளான்ட் வேண்டும் என்று கேட்பார். டாக்டர் மேலே கை காட்டுவார், ஓடுகிறதே. அப்புறம் பூஜை முடியட்டும் என்பார். துர்கா பூஜை முடிந்தால் காளி பூஜை, அது முடிந்தால் குளிர் வந்துவிடும், குளிரில் யாருக்கு ஏ.சி.? பங்குனியில் மறுபடி ஆரம்பத்திலிருந்து பேச வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். காசில்லாதவர்களுக்குச் சும்மாவே ஆபரேஷன் செய்து அனுப்பியவர்.

கடைசிக் கோடையில் தியேட்டருக்குப் போகிற காற்றுக்குழாய்க்குள்ளிருந்து ஈரம் சொட்ட ஆரம்பித்தது. சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. நான் துடைக்கத் துடைக்க வந்தது. கரியாஹாட் நடைபாதையில் நைட்டி விற்கிற ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. வாய் ஓயாத பெண், வார்டில் எல்லோருக்கும் பாதி விலையில் நைட்டி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அவளுக்குப் புண் ஆறவில்லை. சீழ் வைத்து, ஜுரம் ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரெச்சரில் போனாள். பிழைத்துவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. காற்றால்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. டாக்டரும் அதைத்தான் சொன்னார். அன்று மேட்ரன் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, இன்னொரு பெண்ணை அந்த மேஜையில் படுக்க வைக்க என்னால் ஆகாது என்று மட்டும் என்னிடம் சொன்னார். அவருக்கு வேலையும் வீடும் அந்தக் கட்டடம்தான். அதை அவரும் நானும் நன்றாக அறிவோம்.

மறுநாள் காலை நான் வந்தபோது ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, பேண்டேஜ் கத்தரியால் எல்லாத் துணியையும் வெட்டி எடுத்திருந்தார். மருந்துத் தட்டில் ஒரு குவியலாகக் கிடந்தன. நர்ஸுகள் பயந்துபோய் ஓரமாக நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் அவர் பொரோதி, பெரிய அக்கா. "இனி கண்ணால பாக்காண்டாம்," என்றார் என்னிடம். "கைய வச்சுப் பாக்கட்டும்."

அன்று வெயில் ஏறி கம்ப்ரஸர் நின்ற பிறகுதான் டாக்டர் ரவுண்டுக்கு வந்தார். வழக்கம்போல அண்ணாந்தார். துணி எங்கே சிஸ்டர் என்று கேட்டார். மேட்ரன் ஸ்டூலை நகர்த்தி வைத்து, ஏறிக் கை வைத்துப் பாருங்கள் என்றார். டாக்டர் குள்ளமான மனிதர், வயதும் ஆகியிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உள்ளங்கையைத் தட்டிக்கு நேரே விரித்து வைத்தார், ஜுரம் பார்க்கிற மாதிரி. நெடுநேரம் வைத்திருந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

இறங்கி அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். புதிது போட்டால் எவ்வளவு காலம் வரும் என்று என்னைக் கேட்டார். நான் உற்சாகமாக, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷம் தாராளமாக ஓடும் சார் என்றேன். அவர் கொஞ்சம் சிரித்தார்.

"இருபது வருஷமா," என்றார். "யாருக்காக ஓடும்?"

அவர் மகன் வெளிநாட்டில் குடியேறிவிட்டான், கத்தியைப் பிடிக்கிற தொழிலே வேண்டாம் என்று போனவன். அதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் மெஷினோடு சேர்த்து நாங்கள் யோசித்ததில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "பந்தோ கொரே தின், சிஸ்டர்," என்றார். மூடிவிடுங்கள். தியேட்டரையா என்று மேட்ரன் கேட்டார். டாக்டர் தலையை ஆட்டி, எல்லாவற்றையும் என்றார். குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நாளைக்கு மாற்றிக்கொள்வார் என்று நம்பியிருக்கலாம்.

மேட்ரன் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு, மருந்து கொடுக்கிற நேரமாயிற்று என்று நர்ஸுகளை விரட்டினார். சாயங்காலம் மாடியில் கூலிங் டவர் திண்டில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "கெட்டினப்பவும் கெட்டேன், அவுத்தப்பவும் கெட்டேன், கேட்டியா," என்றார். பொய்யாக ஆடிய துணி அத்தனை பேருக்கும் சோறு போட்டிருக்கிறது, மெய் வெளியே வந்த அன்றைக்கு எல்லோரும் தெருவில் நின்றோம். அவர் செய்தது சரி. சரியானதைச் செய்தால் ஏதோ ஒன்று நேராகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரோ, அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தினோம். படுக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பூஜைக்கு முன்பே கதவைச் சாத்தியாயிற்று, அந்த ஒரு வேலை மட்டும் பூஜைக்கு அப்புறம் என்று தள்ளிப்போகவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து பிளான்ட்டை அறுத்தார்கள். நான் தேடித் தேடி மாட்டிய பாகங்கள் எல்லாம் ஒரே வண்டியில் போயின. கூலிங் டவரை இறக்கிய பிறகு மேட்ரன் அந்த அறையில் தங்கியது கொஞ்ச நாள்தான். லேக் மார்க்கெட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு ஹவுராவுக்கு அவரை ரயிலேற்றப் போனேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நாகர்கோவிலுக்கே சிப்ஸ் கொண்டுபோகச் சொல்கிறாயே மக்களே என்று. ஆனாலும் வாங்கிக்கொண்டார். மருந்துத் தட்டில் கிடந்த துணிகளில் ஒன்றை நான் எடுத்து வைத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கட்டடம் இப்போது துணிக்கடை. மாடிக்கு மாடி புது ஏ.சி., கண்ணாடிக் கதவைத் திறந்தால் நடைபாதை வரை குளிர் வருகிறது. ஒருமுறை உள்ளே போனேன். தியேட்டர் இருந்த இடத்தில் பட்டுப்புடவைகளை அடுக்கியிருந்தார்கள். நோயாளிகளுக்குக் கிடைக்காத குளிர் புடவைகளுக்குக் கிடைக்கிறது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, வந்துவிட்டேன்.

மேட்ரன் தம்பி வீட்டு மாடியறையில் இருக்கிறார். முதலில் அடிக்கடி பேசினோம். சத்தமே இல்லாததால் தூக்கம் வருவதில்லை என்பார், தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரி மாதிரி வீட்டைத் துடைப்பது பிடிக்கவில்லை என்பார். அங்கே நர்ஸ் வேலை கேட்டுப் போன இடங்களில் வயதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகப் போகப் பேச்சு குறைந்தது. போன வாரம் நானாகவே கூப்பிட்டேன். மத்தியானம், இதே மேஜையில் உட்கார்ந்துதான். எப்படி இருக்கிறீர்கள் அக்கா என்றேன். மறுமுனையில் யார் வீட்டு டி.வி.யோ பேசிக்கொண்டிருந்தது.

"சோல்ச்சே," என்றார்.

ஏறுகிறதா, இறங்குகிறதா, அதைச் சொல்லுங்கள் என்று அவரை அதட்ட எனக்கு வாய் வரவில்லை. சரி அக்கா என்று வைத்துவிட்டேன். மேலே துணி ஆடிக்கொண்டிருந்தது.