முதுகுப் பட்டன்

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரும் உங்களைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

தெருவில் அவளுக்கு ஊசி என்று பெயர். தையல் பாதிக் காரணம், வாய் மீதிக் காரணம். அவளுக்கு உயிரான கவுன் பேட்டர்ன் ஒன்று உண்டு. பழைய பேப்பர் கடையில் கிடைத்தது, துணிமேல் வைத்து வெட்டும் பழுப்புக் காகிதம். ஒடுங்கிய இடுப்பு, பஃப் கை, முதுகு நெடுகப் பட்டன், கழுத்தை ஒட்டிய காலர். அந்தக் காலரை மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டுத் தைப்பாள்.

"இதை வரைஞ்சவளுக்கு மூச்சே விட வேண்டாம் போலிருக்கு."

நாத்தனார் சும்மா இருப்பாளா? "பழைய காலத்து கவுன்னா காலர் வேணாமா அண்ணி? இது நைட்டி மாதிரில்ல இருக்கு!"

ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவள் சொன்ன சொல். அவளும் வரப்போகும் கணவரின் ஆபீஸ் விழாவில் அவள் வாயை அடைத்தே தீருவது என்று, இம்முறை காகிதத்தில் ஒரு கோடு விடாமல் தைத்தாள்.

ஞாயிறு மதியம். கணவர் முடிவெட்டப் போயிருந்தார். கவுனை மாட்டிக்கொண்டு, குனிந்து, கீழ் மடிப்புக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். பின்னால் காலடி. இடுப்பில் ஒரு பட்டன் துளைக்குள் ஏறியது.

"வந்துட்டீங்களா? ஒழுங்கா போடுங்க."

எப்போதும் ஒரு துளை தவறிப் போடுகிற மனிதர். இன்று தவறவில்லை. பட்டன் ஒவ்வொன்றாக மேலே ஏறியது.

"பரவாயில்லையே. மூளை கொஞ்சம் வேலை செய்யுது."

இன்னொரு பட்டன் ஏறியது.

மேஜையில் போன் அடித்தது. ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"கடைல கூட்டம். வர லேட்டாகும்."

கணவர் குரல்.

முதுகில் அடுத்த பட்டன்...

அடுத்தது...

காலர் இறுகியது. "யா..." அதற்குமேல் வரவில்லை.

கடைசிப் பட்டன்.

பிறகு தோளில் இரண்டு தட்டு. டிரையல் பார்த்த டெய்லர், அளவு சரி என்று தட்டுவது போல.

திரும்பினாள். யாரும் இல்லை. கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

கணவர் வந்துதான் கழற்றிவிட்டார். அவள் வாயே திறக்கவில்லை. பேய் என்று சொன்னால் நாத்தனார் வருஷம் முழுக்கச் சிரிப்பாளாம். அதற்குச் சாவதே மேலாம். அப்படியொரு புத்தி! இருவருக்கும் ஒரே அளவு. கவுனை இஸ்திரி போட்டு அந்த நாத்தனாரிடமே நீட்டினாள்.

"இந்தா, நீயே போட்டுக்கோ. உனக்குத்தானே காலர் வேணும்?"

விழா அன்று மாலை போன் வந்தது. நாத்தனார் தனி வீட்டில், தனியாக இருப்பவள்.

"கவுன் சூப்பர் அண்ணி! பட்டன் போட ஆள் வேற அனுப்பியிருக்கீங்க. நான் தலை வாரிட்டு இருக்கும்போதே வந்து, நேர்த்தியா போட்டுட்டாங்க. ஆனா ஒண்ணு... எல்லாப் பட்டனும் போட்டாச்சு. இன்னும் ஏன் இறுக்கிக்கிட்டே இருக்காங்க?"