மஜோங் சத்தம் கேட்டு இறங்கி வந்த குட்டி

கௌ தெச்சுவானுக்குப் பாண்டாவாக இருப்பதுதான் உத்தியோகம். பாண்டாக் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கு அனுப்பும் மலைமுகாமில் அவர் காவலர். காலையில் கருப்பு வெள்ளை உடுப்பை மாட்டி, கரடித் தலையைக் கவிழ்த்து, தாய்ப் பாண்டாவின் மூத்திரத்தை மேலெல்லாம் பூசிக்கொண்டால் வேலை ஆரம்பம். மனிதன் என்றொரு பிராணி இருப்பதே குட்டிக்குத் தெரியக் கூடாது. தெரிந்து, பழகி, ஒட்டிக்கொண்டுவிட்டால் அதற்குக் காடு கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கியவர்களுக்கு முதுகைக் காட்டியே ஆயுசைக் கழிக்க வேண்டும்.

அந்தக் கதி இந்தக் குட்டிக்கு வந்துவிடக் கூடாது என்று கௌ தவித்தார். உள்ளங்கையளவில், இளஞ்சிவப்பாக, எலி மாதிரிக் கிடந்த நாளிலிருந்து அதைப் பார்க்கிறார். கொஞ்ச ஆசை இருந்தும் ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது வீட்டிலேயே பழகியதுதான். எங்கள் சிச்சுவான் ஆண்களுக்குக் காது கொஞ்சம் இளகினது, மனைவிமார் பிடித்துத் திருக வசதியாக இருக்கும்.

"யோவ், வாசல்லயே நில்லு. குளிச்சியா?" என்பாள் அவர் மனைவி யூசென்.

"மூணு தடவை குளிச்சேன்."

"அப்ப இந்த நாத்தம் உன் குணத்துலேருந்துதான் வருது."

தப்பு நடந்தது வேலியோரக் குடிசையில். அங்கே பேசக் கூடாது என்பது விதி. காவலர்கள் நால்வரும் சத்தியமாகப் பேசவில்லை. மதிய ஓய்வில் கரடித் தலைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஊமைகளாக உட்கார்ந்து, காய்களைக் கலைத்து அடுக்கி ஆடும் மஜோங் ஆடினார்கள். நாலு சிச்சுவான்காரர்களை ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டு மஜோங் ஆடாதே என்றால் நடக்கிற காரியமா? காய்களைக் கலைக்கும்போது எழும் கடகட சத்தம் மனிதச் சத்தம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து கேட்பதால் அது அவர்களுக்கு மழைச் சத்தம் மாதிரி. ஆட்டம் முடிந்ததும் தலையை மாட்டிக்கொண்டு, தாய்க்கு மூங்கிலும் சோள ரொட்டியும் கொண்டுபோய் வைப்பார்கள்.

ஒருநாள் இளைய காவலன் லான் மாவ்லின் காய்ப்பெட்டியைக் கைதவறிக் கீழே போட்டான். மர உச்சியில் தூங்கிக்கொண்டிருந்த குட்டி விழித்து, சறுக்கி இறங்கி, பாதித் தூரம் உருண்டே வந்து, வேலியில் மூக்கை வைத்து நின்றது. கடகட என்றால் சாப்பாடு என்று அதன் வயிறு எப்போதோ பாடம் படித்துவிட்டது. சிதறிய காய்களை அப்படியே விட்டுவிட்டு கௌ எழுந்தார். நேரே முகாமின் தலைவி டாக்டர் சூவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கௌ அண்ணே, இந்த மலையைச் சுத்தி மஜோங் சத்தமே இல்லாத இடம் ஒண்ணு சொல்லுங்க. அங்க கொண்டுபோய் விட்டுரலாம்."

கௌ விரல்விட்டு ஊர் ஊராக எண்ணிப் பார்த்தார். "இடுகாடு."

"அங்கயும் சிங்மிங் பண்டிகை அன்னிக்குச் சமாதியைக் கழுவ வந்துட்டு ஆடுறாங்களே," என்றான் கூடவே வந்திருந்த லான். "எங்க மாமா சமாதி மேலயே பலகை போட்டு ஆடினோம். அவருக்கும் ஒரு கை போட்டோம். அவர்தான் ஜெயிச்சாரு."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "காட்டுல விடலாமான்னு இலையுதிர்காலத்துல பரிசோதனை வருது. அதுக்குள்ள அந்தச் சத்தம் கேட்டாலே குட்டி பயந்து ஓடணும். இல்லேன்னா மிருகக்காட்சி சாலைதான். வேஷம் இல்லாம ஒரு மனுஷன் போய் அதை மிரட்டணும். நீங்க போங்க."

"நானா?"

"சோறு போட்ட கை உங்களுதுதானே."

கௌ சொந்த முகத்தோடு உள்ளே போனார். காய்களைக் குலுக்கினார். குட்டி ஆசையாக ஓடி வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் போறியா?" என்றார். குட்டி அவருடைய பூட்ஸைத் தின்ன ஆரம்பித்தது.

இதைக் கேட்டு யூசென் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "எழுந்து நில்லு. உன் காயை நான் திருடிட்டேன்னு வெச்சுக்க. என்னைத் திட்டு."

"திருடறது தப்பில்லையா, யூசென்?"

"இப்படித் திட்டினா அந்தக் கரடி உன்னை வீட்டோட மாப்பிள்ளையா வெச்சுக்கும். இடுப்புல கைய வை. வயித்துலேருந்து கத்து."

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு நடந்தது. அந்த வீட்டிலிருந்து ஆண் குரல் வருவதைக் கேட்க அக்கம்பக்கத்தார் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு வாசலில் கூடினார்கள். மனைவி தன்னைத் திட்டிய வசவுகளையெல்லாம் ஒன்று விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு, வாணலியும் கரண்டியுமாக கௌ மறுபடி உள்ளே போனார். காய்களைக் குலுக்கினார். குட்டி ஓடி வந்தது. சிறுத்தை உறுமும் ஒலிப்பதிவை லான் போட்டுவிட, கௌ வாணலியை அடித்துக்கொண்டு, "விளங்காதவனே, வெக்கங்கெட்டவனே, உன்னைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்" என்று அலறினார். குட்டி விறைத்து நின்றது. அடுத்த நொடி மரத்தின் உச்சியில் இருந்தது.

அடுத்தடுத்த நாட்களிலும் இதே கூத்துதான். குட்டி கிளையைக் கட்டிக்கொண்டு நடுங்கியபடி கீழே பார்க்கும். அதற்கு முதன்முதலாகத் தெரிந்த மனித முகம் அவருடையது, அதைத்தான் அது வெறுக்கக் கற்றுக்கொண்டது.  கௌ வெளியே வந்து லானுக்குத் தெரியாமல் அழுதார், மறுநாள் இன்னும் பெரிய வாணலியோடு போனார்.

பரிசோதனையில் குட்டி தேறியது. காட்டில் விடும் நாளில் அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் தூரத்தில் கூடி நிற்க, கூண்டுக் கதவைத் திறந்தார்கள். குட்டி வரவில்லை. உள்ளேயே சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் டாக்டர் சூ கௌவைத் திரும்பிப் பார்த்தார்.

கௌ கூண்டின் பின்பக்கம் போய், இரண்டு கைகளிலும் காய்களை அள்ளிக் குலுக்கினார்.

குட்டி தெறித்து ஓடியது. மூங்கிலுக்குள் நுழைந்து மறைந்தும்விட்டது.

"ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கும்னு நெனச்சேன்," என்றார் கௌ.

"பார்த்திருந்தா?" என்றாள், கூட்டத்தை விட்டு முன்னே வந்த யூசென்.

"பார்த்திருந்தா மறுபடியும் கூண்டுதான்."

யூசென் திட்டவில்லை. மூத்திர நாற்றத்தையும் பொருட்படுத்தாமல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். மேலே மூங்கில் அசைவது நிற்கும்வரை கௌ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இன்னும் கொஞ்ச தூரம் ஓடட்டும் என்று, காய்களை இன்னொரு முறை பலமாகக் குலுக்கினார்.