நைனாவின் காரும் அண்ணியின் மூக்கும்

அண்ணி கார்க் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே சாத்தினாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள். அன்று பொன்னேரியில் அவளுக்கு டாக்டரைப் பார்க்கும் நாள். வயிற்றில் ஐந்து மாதம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அண்ணன் விழித்தான். துடைக்கும் துணியோடு பக்கத்தில் நின்ற எங்கள் அப்பா, நைனாவின் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன்.

அந்தக் காரே அண்ணிக்காக வாங்கியதுதான். அவள் காஞ்சிபுரத்துக்கும் அப்பால், நெல் விளையும் கிராமத்துப் பெண். அண்ணனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, விரும்பிக் கட்டிக்கொண்டு, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவுக்கு வந்தவள். மசக்கை வந்த பிறகு மீன்கூடைகளோடு பஸ்ஸில் போக அவளால் முடியவில்லை. நைனா அண்ணனை இழுத்துக்கொண்டு போய் ஒரு பழைய வெள்ளைக் காரோடு திரும்பினார். அன்றிலிருந்து வீட்டில் தனிச் சட்டம் அமலுக்கு வந்தது. காருக்குள் மீன் வரக்கூடாது, வலை வரக்கூடாது, ஏரியில் இறங்கிய கால் கழுவாமல் வரக்கூடாது. கைப்பையில் கருவாட்டுப் பொட்டலம் வைத்திருந்த குற்றத்துக்காக என்னைப் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தார். காலையில் கால்மிதியை உதறி, சீட்டின் மடிப்புக்குள் விரலை விட்டு மணலை எடுத்து, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பார். ஏரியின் உப்புத் தண்ணீர் பட்டால் துரு பிடிக்குமாம். தன் படகுக்குக்கூட அவர் இத்தனை சேவகம் செய்து நான் பார்த்ததில்லை.

இரண்டு நாளுக்கு முன்பே அண்ணி, “உள்ள ஏதோ மாதிரி வருது மாமா” என்று சொல்லியிருந்தாள். நாங்கள் எல்லோரும் தலையை விட்டு மோந்து பார்த்தோம். கருவாடு காயும் தெருவில் பிறந்து வளர்ந்த மூக்குகள், ஒன்றும் பிடிபடவில்லை. நைனா பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போய் பாய் கடையில் அத்தர் வாங்கிவந்து தெளித்தார். கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டார். நான்கு மூலையிலும் கற்பூரம் வைத்தார். கார் சந்தனக்கூடு போல மணக்கிறது என்று அம்மாவிடம் பெருமை பேசினார். அந்தப் பெருமையைத்தான் அண்ணி அன்று காலை கதவோடு சேர்த்துச் சாத்திவிட்டாள்.

நைனா துணியை உதறித் தோளில் போட்டார். “அது எங்க வாடைம்மா. பொறந்ததுலேர்ந்து ஒட்டிக்கினு கீது, கழுவுனா போவாது. புள்ள பொறக்கற வரிக்கும் உங்கம்மா வூட்ல இருக்கறியா?” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். போனால் திரும்பி வருவாளா என்ற பயம் அவர் குரலில் இருந்தது.

அண்ணி முந்தானையை இறக்கினாள். “உங்க வாடை எனக்குத் தெரியாதா மாமா? தினமும் உங்க சட்டையை மடிக்கிறது யாரு? இது வேற. உள்ள என்னமோ செத்துக் கிடக்குது.”

சொன்னதோடு நிற்கவில்லை. முன்சீட்டு, பின்சீட்டு என்று மோந்துகொண்டே போனாள். நாங்கள் கும்பலாகப் பின்னால் போனோம். டிக்கியைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டெப்னியைக் காட்டினாள். அண்ணன் டயரைத் தூக்கினான். அடியில் உள்ளங்கை அகல ஏரி நண்டு ஒன்று, கொடுக்கில் கட்டிய கயிறு பாதி அவிழ்ந்து, அழுகிக் கிடந்தது.

எல்லோரும் நைனாவைப் பார்த்தோம். அவர் வானத்தைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் ஏரி கொடுத்ததைக் கொண்டுபோகாமல் படி மிதிக்கமாட்டோம். முந்தின ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பியபோது நைனாவுக்கு வெறும் பழச்சீப்போடு போக மனசு வரவில்லை. தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி, ஈரக் கோணிக்குள் நண்டுகளைக் கட்டி டிக்கியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

“பத்து போட்டேன். அங்க ஒம்போதுதான் இருந்துச்சு. டீக்கடையாண்ட டிக்கிய தொறந்தப்ப குதிச்சு ஓடிடுச்சுனு நெனச்சேன்” என்றார்.

“சட்டம் போட்ட மூஞ்சியப் பாரு!” என்றாள் அம்மா. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நைனாவும் மெதுவாகச் சேர்ந்துகொண்டார்.

டாக்டருக்குப் போன் செய்து மறுநாளைக்கு மாற்றிக்கொண்டோம். டிக்கியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, ஆப்பசோடாவைத் தூவி ஊறவிட்டுத் துடைத்தோம். நான்கு கதவுகளையும் திறந்து பகல் முழுக்க வெயிலிலும் ஏரிக்காற்றிலும் விட்டோம். ஒரு தட்டில் அடுப்புக்கரி வைத்தோம். அத்தர்க் குப்பியை அம்மா பறிமுதல் செய்தாள். மறுநாள் காலை அண்ணி ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு அன்று கோயிலுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

அந்தப் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். கார் எங்கே கிளம்பினாலும், “வந்து மோந்து பாரும்மா” என்று நைனா அண்ணியைக் கூப்பிடாமல் இருந்ததில்லை. அவள் தலையாட்டினால்தான் வண்டி நகரும்.

போன வாரம் அண்ணியின் அம்மா வந்திருந்தார். ஊருக்குத் திரும்பும்போது கார்க் கதவைத் திறந்தவர் சட்டென்று சாத்தினார். முந்தானை மூக்குக்குப் போனது. “என்னடி, உள்ள இப்படிக் கவுச்சி அடிக்குது?”

அண்ணி தலையை உள்ளே விட்டு, நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்தாள். திரும்பினாள். “இன்னாம்மா கவுச்சி? ஒண்ணும் இல்லியே!”

நைனா சிரித்த சிரிப்பு படகுத்துறை வரைக்கும் கேட்டிருக்கும். “கண்ணாடிய எறக்கிக்கினு உக்காருங்க சம்பந்தியம்மா” என்றார். “உங்க பொண்ணு மூக்கு எங்க வூட்டு மூக்காயிடுச்சு.”